மலை ஏன் போட்டோவில் குட்டையாகிவிடுகிறது?

குன்னூரில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. டால்பின் நோஸ், லாம்ஸ் ராக், தொட்டபெட்டா எல்லாம் சுற்றிவிட்டு வந்து, சூடாக டீ குடித்துக்கொண்டே போனைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். அப்புறம் வரும்: "நேர்ல எவ்ளோ பெரிசா இருந்துச்சு, போட்டோல ஒண்ணுமே இல்லையே." போனின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த டீக்குப் போய்விடுவார்கள். போன் பாவம், அது பொய் எதுவும் சொல்லவில்லை.

இப்போதைய போன்களில் '1எக்ஸ்' என்று இருப்பது பெரும்பாலும் 24 முதல் 26 எம்.எம். வரையிலான லென்ஸுக்குச் சமம். (எம்.எம். என்பது லென்ஸின் குவியத் தூரம். அது கூடக்கூட லென்ஸ் பார்க்கும் அகலம் குறையும், பொருள் பெரிதாக விழும். இந்தக் கட்டுரையில் எம்.எம். கணக்கெல்லாம் முழு ஃபிரேம் கேமராவை வைத்து, அதாவது படம் விழும் சில்லான சென்சார் 36 எம்.எம். அகலம் என்று வைத்து.) 24 எம்.எம். லென்ஸ் பக்கவாட்டில் 70 டிகிரிக்கு மேல் பார்க்கிறது. எதிரே நிற்கும் சிகரம் நம் பார்வையில் 5 டிகிரி உயரம் இருந்தால், சென்சாரில் அது 2 எம்.எம். சொச்சம்தான் விழும். சென்சாரின் உயரமே 24 எம்.எம்., அதில் 2. மீதி இடத்தை வானமும் வேலிக்கம்பியும் யாரோ ஒருவரின் முதுகும் நிரப்பிவிடும். நேரில் நிற்கும்போது நாம் அந்த 5 டிகிரியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு படத்தை எந்தத் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். 24 எம்.எம். லென்ஸில் எடுத்ததை 10 மடங்கு பெரிதாக்கி 36 செ.மீ. அகலப் பிரிண்டாகப் போட்டால், அதை 24 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் நேரில் பார்த்த அதே கோணங்கள் கண்ணுக்குக் கிடைக்கும். 200 எம்.எம். லென்ஸில் எடுத்த படம் என்றால் அதே அளவு பிரிண்டை 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். போன் திரையில் 1எக்ஸ் படத்துக்குச் சரியான தூரம் 10 செ.மீ.க்கும் குறைவு. அவ்வளவு கிட்டத்தில் வைத்து யாரும் போன் பார்ப்பதில்லை. கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரையை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மலை திரும்ப எழுந்து நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், அது வேறு.

சரி, ஜூம் பண்ணினால் போதாதா? இங்கேதான் போட்டோக்காரர்களே குழம்புகிறார்கள். "காலால் ஜூம் பண்ணு" என்று ஒரு வசனம் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூம் லென்ஸ் சோம்பேறிகளுக்கு, நல்ல போட்டோக்காரன் நடந்து கிட்டப் போவான் என்ற பொருளில் சொல்வார்கள். எனக்கு அந்த வசனம் பிடிக்காது. நடப்பதும் ஜூம் வளையத்தைத் திருப்புவதும் ஒரே வேலை என்று அது நினைக்க வைத்துவிடுகிறது. இரண்டும் வேறு வேறு வேலை. வளையத்தைத் திருப்பினால் படத்தின் ஓரங்கள் மட்டும் வெட்டுப்படும். இடம் மாறினால்தான் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு உறவு மாறும்.

கேத்திப் பள்ளத்தாக்கை வைத்துச் சொல்கிறேன். ஊட்டி சாலையிலிருந்து எதிர்ச்சரிவில் வீடுகள் நீலமும் மஞ்சளும் ரோஸுமாக அடுக்கடுக்காகத் தெரியும். முன்வரிசை வீடு 1000 மீட்டரில், பின்வரிசை வீடு 1200 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு வீடுகள் என்றால் முன்னது பின்னதைவிட 1.2 மடங்குதான் பெரிதாகத் தெரியும். ஏறக்குறைய சமம். அதனால்தான் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டி வைத்தது மாதிரி இருக்கிறது. இப்போது ஊருக்குள் இறங்கிப் போய் முன்வரிசை வீட்டுக்கு 20 மீட்டரில் நில்லுங்கள். பின்வரிசை 220 மீட்டரில் இருக்கும். முன்னது 11 மடங்கு பெரிதாகிவிடும், பின்னது எங்கோ ஒளிந்துகொள்ளும். இரண்டு வரிசைக்கும் நடுவே இருப்பது அதே 200 மீட்டர்தான். பெரிய ஜூம் லென்ஸ் தூரத்தை 'அமுக்கிவிடும்' என்று போட்டோக்காரர்கள் சொல்வார்கள். லென்ஸ் இங்கே எதையும் அமுக்கவில்லை. தூரம் அமுக்கியது.

நம்பாதவர்கள் சாலையில் ஒரே இடத்தில் நின்று 24 எம்.எம்.மில் ஒன்றும் 200 எம்.எம்.மில் ஒன்றும் எடுத்து, முதல் படத்தின் நடுப்பகுதியை வெட்டி இரண்டாவதோடு வைத்துப் பாருங்கள். வீடுகளின் அடுக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். ஒரே வித்தியாசம், 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த வெட்டுத் துண்டில் மிஞ்சுவது 0.35 மெகாபிக்சல். ஜூம் லென்ஸுக்குக் காசு கொடுப்பது அந்த மிச்சப் பிக்சல்களுக்காக.

என் பெரியப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கிய அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் பிலிம் அங்கிருந்துதான் வந்தது. இப்போது மூடிக் கிடக்கிறது. அவரிடம் இருந்த கேமராவில் ஒரே ஒரு 50 எம்.எம். லென்ஸ், ஜூம் கிடையாது. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ், ஃபோய்க்ட்லாண்டர் ஜூமார், 1959-லேயே வந்துவிட்டது என்றாலும் அதெல்லாம் இந்த மலைக்கு வந்து சேரவில்லை. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடியபடி முன்னும் பின்னும் நடப்பார். சுற்றி நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நிற்கும் இடம் முடிவான பிறகுதான் பையைத் திறப்பார். ஒரு கண்ணை மூடுவது வெறும் ஸ்டைல் இல்லை. இரண்டு கண்ணால் பார்க்கும்போது ஆழம் தானாகத் தெரிந்துவிடும், கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. படத்தில் எது எதன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது ஒற்றைக் கண்ணுக்குத்தான் தெரியும்.

டால்பின் நோஸில் போன சீசனில் ஒரு ஜோடி, திருப்பூர்ப் பக்கம் போல. வேலியில் சாய்ந்து நின்றுகொண்டு போனை நீட்டினார்கள்.

"அண்ணா, பின்னாடி அருவியும் வரணும்ங்க."

எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் கேத்தரின் அருவி. அவர்கள் கேட்டபடி இரண்டு மீட்டரில் நின்று 1எக்ஸில் பார்த்தேன். இருவரும் இடுப்பளவுக்கு நன்றாக இருந்தார்கள், அருவி அந்தப் பொண்ணின் காதருகே வெள்ளை நூலாக இருந்தது. "நீங்க அங்கேயே நில்லுங்க, நான் பின்னாடி போறேன்" என்றேன். அவர் முகத்தில் சந்தேகம். போனை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்று நினைத்திருக்கலாம், நியாயம்தான். பாதையில் பின்னால் நகர்ந்து ஆறு மீட்டர் தாண்டியதும் 3எக்ஸுக்கு மாற்றினேன். இரண்டு பேரும் முன்பிருந்த அதே அளவில் இருந்தார்கள். அருவி மூன்று மடங்காகிவிட்டது. படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி: "எடிட் பண்ணீங்களாண்ணா?"

எடிட் இல்லை, வகுத்தல் கணக்கு. ஆள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழுவார் என்பது லென்ஸின் எம்.எம்.மைத் தூரத்தால் வகுத்தால் வருவது. 24-க்கு 1.5 மீட்டர் என்றால், 50-க்கு 3 மீட்டர் சொச்சம், 100-க்கு 6.25, 200-க்கு 12.5. இந்த நான்கு இடத்திலும் ஆள் ஒரே அளவுதான். பின்னால் அரை கிலோமீட்டரில் ஒரு பாறை இருந்தால் அதற்கு நீங்கள் பத்துப் பதினோரு மீட்டர் பின்வாங்கியது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எம்.எம். எட்டு மடங்காகிவிட்டது, அதனால் பாறையும் எட்டு மடங்காகும். அதுவே பின்னணி 10 மீட்டரில் இருக்கும் டீக்கடை என்றால் நான்கு மடங்கு சொச்சம்தான் வளரும். இந்த வித்தை சமவெளியைவிட மலையில் நன்றாக எடுபடுவதற்குக் காரணம் இதுதான். இங்கே பின்னணி எப்போதும் தூரத்தில் இருக்கிறது, நடுவே பள்ளத்தாக்கு விழுந்து கிடக்கிறது. தொல்லை என்னவென்றால், பின்வாங்க இடம் இருக்காது. காட்சி முனை என்று பெயர் வைத்த இடத்தில் எல்லாம் முன்னால் பாதாளம், பின்னால் மிளகாய் பஜ்ஜிக் கடை. தயவுசெய்து முன்பக்கமாகப் பின்வாங்காதீர்கள், அதாவது எதிரே இருப்பவரை வேலியைத் தாண்டி நிற்கச் சொல்லாதீர்கள். நீங்கள் நகருங்கள்.

இதே கணக்கை ஓடும் வீடியோவில் செய்தால் அதுதான் 'டாலி ஜூம்' (டாலி என்பது கேமராவை வைத்து நகர்த்தும் தள்ளுவண்டி). கேமரா பின்னால் போகப்போக ஜூம் உள்ளே போக வேண்டும், அல்லது கேமரா முன்னால் வர வர ஜூம் வெளியே வர வேண்டும். ஆள் அசையாமல் நிற்க, பின்னணி மட்டும் அவரை நோக்கிப் பொங்கி வரும் அல்லது விலகி ஓடும். 1958-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வில் இது பிரபலமானது. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒருவனின் பார்வையைக் காட்ட இரண்டாம் யூனிட் கேமராமேன் இர்மின் ராபர்ட்ஸ் செய்தது. படத்தில் அவன் எட்டிப் பார்க்கும் மாடிப்படிக் கிணற்றுக்காகச் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து படுக்கப் போட்டு எடுத்தார்கள். உயரத்து பயத்துக்குப் பிறந்த உத்தி என்பதால் அது நம் ஊருக்கு வந்து சேர வேண்டியது என்று எனக்குத் தோன்றும்.

இங்கே அதைச் செய்ய நல்ல வண்டி, மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரயில் நமக்காகவே தள்ளுவண்டி வேலை பார்க்கத் தயாராக இருக்கிறது. வெலிங்டனிலோ லவ்டேலிலோ வண்டி கிளம்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, விலகிப் போகும் பெயர்ப்பலகையை ஃபிரேமில் பிடியுங்கள். வண்டி நகர நகர, பலகை அதே அகலத்தில் நிற்கிற மாதிரி ஜூமைத் தள்ளிக்கொண்டே போங்கள். பலகை 5 மீட்டரில் இருக்கும்போது 24 எம்.எம். என்றால் 15 மீட்டருக்குப் போகும்போது 72. பின்னால் இருக்கும் மரங்கள் பலகையை நோக்கி வந்துகொண்டே இருக்கும். கை, தலை, போன் எதையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். பாறைச் சுவர் ரொம்பக் கிட்டத்தில் வரும். தண்டவாளத்தில் இறங்கி நின்று ரீல்ஸ் எடுப்பது சட்டப்படி குற்றம், அதோடு முட்டாள்தனமும்.

போனில் ஒரு சிக்கல் வரும். 1எக்ஸிலிருந்து 3எக்ஸுக்கு வழுக்கிக்கொண்டு போகும்போது உள்ளே லென்ஸ் மாறும் இடத்தில் படம் ஒரு துள்ளு துள்ளும், நிறமும் கொஞ்சம் மாறும். அந்தத் துள்ளலில் மயக்கம் கலைந்துவிடும். அதனால் ஒரே லென்ஸுக்குள் டிஜிட்டல் ஜூமில், இரண்டு மடங்குக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அல்லது 4கே-யில் எடுத்து, எடிட்டிங்கில் பெரிதாக்கிக்கொள்ளலாம். நான் முன்பு சொன்னது நினைவிருந்தால் புரியும், ஜூம் என்பதே வெட்டுதான், அதைப் பிறகும் வெட்டலாம். நடந்ததை மட்டும் பிறகு செய்ய முடியாது.

கிட்டப் போவதன் விபரீதம் முகத்தில்தான் நன்றாகத் தெரியும். கையை மடக்கி 30 செ.மீ.யில் எடுத்த செல்ஃபியில் மூக்கு 30 செ.மீ.யில், காது 40 செ.மீ.யில். மூக்குக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சலுகை. ஒன்றரை மீட்டரில் அந்த வித்தியாசம் 7 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வும் ஓர் அடியில் எடுத்த படத்தில் மூக்கு ஐந்து அடியில் எடுத்ததைவிட சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்றது. செல்ஃபி பார்த்துவிட்டு மூக்கு ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்காக எழுதியது அது.

கல்யாண குரூப் போட்டோவில் நடப்பது வேறு கதை. ஓரத்தில் நிற்கும் சித்தப்பா எப்போதும் குண்டாகத் தெரிவாரே, அது. அகலமாகப் பார்க்கும் வைட் லென்ஸ் நேர்க்கோடுகளை நேராகவே காட்டுவதற்கு ஒரு விலை கொடுக்கிறது. உருண்டையான பொருட்களை ஓரத்தில் வெளிப்பக்கமாக இழுக்கிறது. 24 எம்.எம்.மில் இடது வலது ஓரத்தில் ஒரு தலை அதன் உயரத்தோடு ஒப்பிட 25 சதவீதம் அகலமாகிறது. 35 எம்.எம்.மில் 12 சதவீதம், 16 எம்.எம்.மில் 50 சதவீதம். மண்டபம் சிறியது, பின்வாங்க இடமில்லை என்று 16-ஐ மாட்டும் தம்பிகள், ஓரத்தில் ஒல்லியானவர்களை நிறுத்துங்கள். இல்லையென்றால் இரண்டு வரிசையை மூன்றாக்கி நடுவில் திரட்டுங்கள். மாப்பிள்ளையின் அத்தையை மட்டும் கடைசியில் நிறுத்திவிடாதீர்கள், ஆல்பம் வந்த பிறகு பதில் சொல்ல முடியாது.

தலைக்குந்தா பைன் காட்டில் எல்லோரும் கேமராவை அண்ணாந்து பிடித்து எடுக்கும் படமும் தெரிந்ததுதான். மரங்கள் எல்லாம் உச்சியில் கூடி ரகசியம் பேசும். சென்சார் மரத்துக்கு இணையாக இல்லாமல் சாய்ந்துவிட்டதால் வரும் விளைவு அது. லேசாகச் சாய்ந்தால் மரம் விழப்போகிற மாதிரி இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. சாய்க்கிறதென்றால் நன்றாகச் சாய்த்துவிடுங்கள். நேராக வேண்டும் என்றால் போனைச் செங்குத்தாகப் பிடித்து, அகலமாக எடுத்து, கீழே வரும் தரையை வெட்டி எறியுங்கள். ஷிஃப்ட் லென்ஸ் என்று தனியாக விற்பதும் இந்த வெட்டும் வேலையைத்தான் செய்கிறது, பிக்சலை இழக்காமல். கற்பூர மரங்களுக்கு நான் பெரும்பாலும் எதுவுமே செய்வதில்லை. எதிர்ச்சரிவுக்குப் போய் 200 எம்.எம்.மில் எடுத்தால் அவை தாமாகவே நேராக நிற்கின்றன.

சரிவைப் பற்றி ஒன்று. மூச்சு வாங்க ஏறிய ஏற்றம் படத்தில் தட்டைச் சாலையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது கேமராவும் சாலையோடு சேர்ந்து சாய்ந்துவிடுகிறது, மட்டம் எது என்று சொல்ல படத்தில் எதுவும் இல்லை. ஒரு வீட்டுச் சுவரோ விளக்குக் கம்பமோ கூட வந்தால் சரிவு உடனே உயிர் பெறும். இன்னும் வேண்டும் என்றால் தூரம் போங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலின் பல்சக்கரப் பாதை 12-க்கு 1 என்ற ஏற்றத்தில் போகிறது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் சொச்சம். நேர் எதிரே வெகுதூரத்திலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த 100 மீட்டர் நீளம் மடங்கிப்போய்விடும், 8 மீட்டர் உயரம் மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட ஏற்றத்தில் 5 மீட்டர் அகலச் சாலை இருந்தால், டெலிஃபோட்டோவில், அதாவது 200 எம்.எம். மாதிரியான லென்ஸில், அது சுவரில் சாய்த்து வைத்த பலகை போல எழுந்துவிடும். தேயிலை வரிசைகளும் இப்படித்தான் படிக்கட்டாகின்றன.

ஜூம் வளையம் தானாகச் செய்யும் ஒரே வித்தை, ஷட்டர் திறந்திருக்கும்போது அதைத் திருப்புவது. படத்தின் நடுவிலிருந்து கோடுகள் நாலாபக்கமும் பீறிடும். பகலில் இதை எடுக்காதீர்கள் என்பேன். பகலில் எடுத்த தேயிலைத் தோட்டம் பச்சைக் குழம்பாகிவிடும். இருட்டில் எடுக்க வேண்டும். குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து பார்த்தால் எதிர் மேட்டில் வீடுகளின் விளக்குகள் ஏறிக்கொண்டே போகும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8, ஷட்டர் இரண்டு நொடி. கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸே போதும், 18-55 (இது மட்டும் லென்ஸின்மேல் எழுதியிருக்கும் எண், முழு ஃபிரேம் கணக்கு இல்லை). எஃப் 3.5-இல் வைத்தால் திருப்பும்போதே வெளிச்சம் மாறும். முதல் நொடி கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடுத்த நொடியில் ஒரே சீராகத் திருப்புங்கள். அந்த முதல் நொடிதான் விளக்குகளுக்கு ஒரு புள்ளியைக் கொடுக்கும், அது இல்லாவிட்டால் எல்லாம் வெறும் கீறல். 55-இலிருந்து 18-க்குத் திருப்பினால் பிரகாசமான தலை கோட்டின் வெளிமுனையில் இருக்கும், 18-இலிருந்து 55-க்கு என்றால் உள்முனையில். எனக்கு முதலாவது பிடிக்கும். மூடுபனி வந்தால் மூட்டை கட்டிவிடலாம், விளக்கெல்லாம் பஞ்சாகிவிடும்.

நிலாப் படம் கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நிலாவை எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் அரை டிகிரிதான், மலைமுகட்டில் உதிக்கும்போது பெரிதாகத் தோன்றுவது கண்ணின் வேலை, கேமரா அதை ஒப்புக்கொள்ளாது. 200 எம்.எம்.மில் சென்சார்மேல் அது 1.8 எம்.எம். வட்டம். நிலாவைப் பெரிதாக்க முடியாது, முன்னால் நிற்பவரைச் சிறிதாக்கலாம். ஐந்தே கால் அடி ஆள் நிலா வட்டத்துக்குள் தலைமுதல் கால்வரை அடங்க வேண்டும் என்றால் அவர் உங்களிடமிருந்து சுமார் 180 மீட்டரில் நிற்க வேண்டும். மலையில் இதற்கு இரண்டு முகடு தேவை, ஒன்றில் அவர், ஒன்றில் நீங்கள். கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் அப்படி இடங்கள் உண்டு, எஸ்டேட்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மேகமும் படுத்தும், ஜனவரி, பிப்ரவரியில் வானம் திறந்திருக்கும். நிலா உதிக்கும் நேரம் காட்டெருமை நடமாடும் நேரமும்தான், அதனால் தனியாகப் போகாதீர்கள். முகட்டில் நிற்பவரிடம் டார்ச்சும் பேட்டரி தீராத போனும் இருக்கட்டும். 180 மீட்டரில் "கொஞ்சம் இடப்பக்கம்" என்று கத்தினால் கேட்காது.